நீறாத சுண்ணாம்பு

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்லுவா. உண்மைதான், மறுக்க மாட்டேன். பஸ்ஸில் மிச்சக் காசு தராத கொண்டக்டரோடு சண்டை, தங்குமிடத்தில் தண்ணீர் வராவிட்டால் பொறுப்பாளரோடு சண்டை, ஒருவரும் கிடைக்காவிட்டால் தம்பி எமில்ராஜோடு சண்டை. அந்தக் கோபம் ஒரு சின்னப் பிள்ளையின் கண் வரைக்கும் போகும் என்று அம்மாவும் நினைத்திருக்க மாட்டா, நானும் நினைக்கவில்லை.

என் பெயர் றொசாந்தி. ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். அப்பா கிறகோரி இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் அரசாங்க வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் நான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான உடற்கல்வி ஆசிரியப் பயிற்சி. இரண்டு வருடம் கல்லூரியில் படிப்பு. எப்படி ஓடுவது, எப்படிப் பாய்வது, விழுந்தால் எப்படி விழுவது என்பது வரைக்கும் சொல்லித்தந்தார்கள். மூன்றாம் வருடம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துப் பழகவேண்டும். கடைசியில் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து ஒரு பாடத்தை முழுக்க நின்று பார்ப்பார். அதில் தேறினால் நியமனம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும். பயிற்சிக் காலத்தில் ஏதாவது பாரதூரமான குற்றம் செய்தால் அந்தக் காத்திருப்பும் இல்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

என்னைப் போட்டது மயிலிட்டிப் பக்கம், இராணுவம் காணிகளை விட்ட பிறகு திரும்பத் திறந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மொத்தம் அறுபத்தெட்டுப் பிள்ளைகள், பெரும்பாலும் கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அதிபர் கனகாம்பிகை ரீச்சர். அவருக்கு அடுத்தபடி அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர் தம்பிஐயா என்கிற தொழிலாளி. கேற் திறப்பது, கிணற்று மோட்டர் போடுவது, சுன்னாகம் சந்தைக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு மரக்கறி கொண்டுவருவது, மைதானத்தில் கோடு போடுவது எல்லாம் அவர்தான். நிரந்தர வேலை இல்லை. வருடத்துக்கு வருடம் அதிபர் எழுதிக்கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கோடு போடுவதில் தம்பிஐயா அண்ணையை அடிக்க ஆள் இல்லை. இரண்டு முளை அடித்து, கயிறு இழுத்து, அடியில் ஓட்டை போட்ட பால்மா ரின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தட்டிக்கொண்டே போவார். மைதானமே அவருடைய சொத்து என்கிற மாதிரி ஒரு நடப்பு. இவர் என்ன பெரிய ஆள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். உடற்கல்வி படித்தவள் நான், கோடு போடத் தெரிந்தவர் அவர்.

தை மாதக் கடைசி. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை முதற் பாடம் இரண்டாம் வகுப்புக்குத் தவளைப் பாய்ச்சல் பழக்கவேண்டும். இரவு தூறின மழையில் முந்தின நாள் போட்ட கோடெல்லாம் கரைந்துபோய்க் கிடந்தது. நான் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டேன். தம்பிஐயா அண்ணை சைக்கிளில் சுன்னாகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பைத் தாருங்கள், தூள் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். தூள் பழைய வாங்கு மேசைகளுக்குப் பின்னால் இருக்கிறது, தூக்கி இறக்கவேண்டும், தான் வந்து செய்கிறேன் என்றார்.

"நீங்கள் உதுகளைத் தொடாதேங்கோ ரீச்சர். நான் வந்து போட்டுத் தாறன்."

சொல்லிவிட்டுத் திறப்பும் தானுமாகப் போய்விட்டார். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த மனுசன் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. தொடாதேங்கோவாம். குருநகரில் பிறந்து, கல்லூரியில் குண்டு போடுதலில் முதலாம் இடம் எடுத்தவளுக்கு ஒரு பை தூக்கத் தெரியாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிணற்றடியில் இன்னொரு பை இருந்தது. போட்டிக்கு முன்னால் மதிலுக்கு வெள்ளை அடிப்பதற்காகச் சூளையிலிருந்து கொண்டுவந்த சுட்ட சுண்ணாம்புக் கல். அதைப் பீப்பாவில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் புகைந்து பிறகு அடங்கும். அதை நீற்றுவது என்பார்கள். நீறிய பிறகுதான் அது வெறும் வெள்ளை. நீறாமல் ஈரம் பட்டால் அது நெருப்பு. இது எனக்குத் தெரியாத விசயமா? நத்தார்ப் பண்டிகைக்கு வெள்ளை அடிக்க அப்பா முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றும்போது எங்களைக் கிட்ட அண்டவிட மாட்டார். கல்லூரியில் இரண்டாம் வருடப் பரீட்சையில் மைதானக் கோடிடும்போது கவனிக்கவேண்டியவை எவை என்று ஒரு கேள்வி வந்தது. நீறாத சுண்ணாம்பை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது என்று முதலாவதாக எழுதி முழுப்புள்ளி வாங்கியவள் நான்.

பையின் மேற்பக்கம் காற்றுப் பட்டு மாவாகிக் கிடந்தது. இது தானாகவே நீறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியில் கிடந்த கட்டிகளை நான் எறிந்து பழகுகிற இரும்புக் குண்டால் குத்தி உடைத்தேன். ரின்னில் நிரப்பினேன். கயிறு இழுத்து, தட்டித் தட்டி, ஒரு வளைவு இல்லாமல் கோடு போட்டேன். விரல் நுனியில் ஒரு சுணைப்பு இருந்தது. கயிறு உரஞ்சினதாக்கும் என்று பாவாடையில் துடைத்துக்கொண்டேன். ஏழேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நான் போட்டதை ஒரு குருவியும் காணவில்லை. தம்பிஐயா வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

தவளைப் பாய்ச்சலுக்குப் பிள்ளைகள் கோட்டடியில் குந்தி இரண்டு உள்ளங்கையையும் கோட்டில் ஊன்றவேண்டும். விசில் ஊதினால் பாய்ந்து, திரும்பக் கையூன்றி, திரும்பப் பாயவேண்டும். பதினொரு பிள்ளைகள். கையைக் கோட்டில் வையுங்கோ, நல்லா ஊன்றுங்கோ என்று நான்தான் கத்திக் கத்திச் சொன்னேன். மூன்று தரம் பாய்ந்துவிட்டு வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது, எல்லோருக்கும் வேர்த்துவிட்டது. நாலாம் தரம் குந்தியபோது ஆரபி என்கிற பிள்ளை கண்ணுக்குள் வேர்வை போய்விட்டது என்று உள்ளங்கையால் இடக்கண்ணைத் தேய்த்தாள்.

அந்தக் கத்தலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஓடிப்போய் என் லேஞ்சியால் அவளுடைய கண்ணைத் துடைத்தேன். துடைக்கவே கூடாது. அதுவும் படித்ததுதான். அவள் இன்னும் கூடக் கத்தினாள். அந்த நேரம் கேற்றுக்குள் வந்த தம்பிஐயா அண்ணை சைக்கிளை அப்படியே போட்டார். கரியரில் இருந்த பூசணிக்காய் உருண்டு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு ஓடினார். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார்.

"எதாலை ரீச்சர் கோடு போட்டனீங்கள்?"

நான் கிணற்றடிப் பையைக் கைகாட்டினேன். அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் கையையும் காலையும் கழுவச் சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணைக் கழுவத் தொடங்கினார். ஓட்டோ வந்து ஆரபியை ஏற்றும்வரை பைப்பை மூட விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் முதல் கேட்டதே எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்றுதான். அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட என்று அதிபர் சொன்னார். அதனால்தான் கண் இருக்கிறது என்றார் டொக்டர். ஆனால் கருவிழியின் மேற்பக்கம் வெந்திருக்கிறது, பார்வை எவ்வளவு திரும்பும் என்று மாதக்கணக்கில் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார். ஆரபியின் தாய் நிவேதனா துறைமுகத்தில் மீன் பிரித்துக்கொண்டு நின்ற உடுப்போடேயே ஓடிவந்திருந்தா. யார் அந்தச் சுண்ணாம்பைப் போட்டது என்று மட்டும் கேட்டா.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள், வரும் வழியில் என்னிடம் எல்லாம் கேட்டறிந்திருந்த கனகாம்பிகை ரீச்சர் முந்திக்கொண்டார்.

"தொழிலாளி மாறி எடுத்துப் போட்டிட்டார், அம்மா."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் விரல் நுனிகள் தோல் உரியத் தொடங்கியிருந்தன. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். பொய் அதிபருடையதுதான். ஆனால் அது நிற்பதற்கு இடம் கொடுத்தவள் நான்.

அடுத்த நாள் அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுசி என்று சொல்ல மாட்டேன். தேத்தண்ணி தந்தார், கதவைச் சாத்தினார். மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. பாடசாலையில் நடக்கிற நல்லது கெட்டதெல்லாம் அதில்தான் ஏறும். விசாரணை வந்தால் முதல் கேட்பதும் அதைத்தான். தொழிலாளி தவறுதலாக நீறாத சுண்ணாம்பினால் கோடிட்டார் என்று அதிபருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே நான் சாட்சியாக ஒப்பமிடவேண்டும்.

"யோசியுங்கோ பிள்ளை. அந்த மனுசன் கூலிக்கு எண்டாலும் வேறை எங்கையும் போவார். உங்கடை பேர் இதிலை ஏறிச்சுதெண்டால் நீங்கள் இனி ஒரு பள்ளிக்கூடத்துக்கையும் கால் வைக்கேலாது."

கொண்டக்டரோடு சண்டை பிடிக்கிற வாய், தம்பியோடு சண்டை பிடிக்கிற வாய், அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது நினைவில் வந்தது. என்ரை மோள் ரீச்சராகப் போறாள் என்று கரையில் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுக்கிறவர்களுக்கெல்லாம் சொன்னவர். உரிந்த விரலால் பேனையைப் பிடித்தேன். எரிந்தது. ஒப்பமிட்டேன்.

வெள்ளிக்கிழமையோடு தம்பிஐயா அண்ணையை வேலைக்கு வராமல் மறித்துவிட்டார்கள். போகிறதுக்கு முன்னால் மைதானத்தில் நின்ற என்னைத் தேடி வந்தார். என் முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். ஏசினால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், அதோடு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் களஞ்சிய அறைத் திறப்பை என் கையில் வைத்தார். தூள் வாங்குகளுக்குப் பின்னால் நீலப் பையில் இருக்கிறது, வாயைச் சிவப்பு நூலால் கட்டியிருக்கிறேன், மாறாது என்றார். பிறகு கேட்டார்.

"பிள்ளையின்ரை கண் எப்பிடியாம்?"

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். திறப்பை விசில் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு குனிந்து நிமிர்ந்தபோதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது.

இல்ல விளையாட்டுப் போட்டி தவளைப் பாய்ச்சல் இல்லாமல் நடந்து முடிந்தது. சனிக்கிழமை சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவென்று கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சுவாமி என்ன சொல்லுவார் என்று தெரியும். அதைச் செய்யும் எண்ணம் இல்லாமல் முழங்காலில் நிற்பதில் என்ன பிரயோசனம்? வீட்டில் அம்மா விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த மாதம் நான் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டாள் என்று அம்மா சந்தோசப்பட்டா.

மாசி நடுப்பகுதியில் ஆரபி பள்ளிக்கூடம் வந்தாள். கறுத்தக் கண்ணாடி போட்டிருந்தாள். இடக்கண்ணால் பார்த்தால் எல்லாம் புகை மாதிரித் தெரிகிறது என்று ஏதோ புதுமையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளைகளுக்கு அவள் இப்போது பெரிய ஆள். அவள் சொன்னால் மற்றப் பத்துப் பேரும் கேட்பார்கள்.

அடுத்த வியாழக்கிழமை விரிவுரையாளர் நடராசா சேர் என் இறுதிப் பாடத்தைப் பார்க்க வந்தார். என்ன பாடம், எந்த வகுப்பு என்பதெல்லாம் தை மாதத்திலேயே எழுதிக் கல்லூரிக்கு அனுப்பியாயிற்று. மாற்ற முடியாது. இரண்டாம் வகுப்பு, தவளைப் பாய்ச்சல். விடிய வந்து களஞ்சிய அறையைத் திறந்தேன். நீலப் பை, சிவப்பு நூல். தம்பிஐயா அண்ணை சொன்ன இடத்திலேயே இருந்தது. தூளை உள்ளங்கையில் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், முழங்கையில் பூசிப் பார்த்தேன், அதன்பிறகுதான் கோடு போட்டேன்.

பாடம் நன்றாகவே போனது. உடல் சூடாக்கும் பயிற்சி, பாட்டுப் பாடி ஓடுவது, முயல் போல, கொக்குப் போல நடப்பது எல்லாம் முடிந்தது. நடராசா சேர் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அதிபர் விறாந்தையில் நின்று பார்த்தார். தவளைப் பாய்ச்சலுக்குத் தயாராகுங்கோ என்றேன். பதினொரு பிள்ளைகளும் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் போய்க் குந்தினார்கள்.

கையைக் கோட்டில் வையுங்கோ என்றேன். ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் சொன்னேன், இந்தமுறை சிரித்துக்கொண்டு. கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். நடராசா சேர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நானே போய்க் குந்தி, இரண்டு உள்ளங்கையையும் கோட்டில் ஊன்றிக் காட்டினேன். அதற்கும் ஒருவரும் வரவில்லை. ஆரபி எழுந்து கிட்ட வந்தாள். வலக்கண்ணால் பார்க்கத் தோதாகத் தலையைச் சரித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

"இது ஆர் ரீச்சர் போட்டது?"

"நான்தான் பிள்ளை."

"தம்பிஐயா போடேல்லையோ?"

இல்லை, நான்தான் போட்டேன், விடிய வந்து போட்டேன் என்றேன். அவள் மற்றப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள்.

"இது ரீச்சர் போட்டது. சுடாது. வையுங்கோ."

சொல்லிவிட்டுத் தானே முதலாவதாகக் குந்தி இரண்டு உள்ளங்கையையும் கோட்டில் வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே விரல்களை விரித்து நல்லாக ஊன்றினாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து கையை வைத்தார்கள். நடராசா சேரின் முகம் மலர்ந்தது. பயந்த பிள்ளைகளை நம்பவைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். குனிந்து ஏதோ எழுதினார். அது நல்லதாகத்தான் இருந்திருக்கும். நான் விசிலை ஊதவேண்டியது மட்டும்தான் மிச்சம். ஊதினால் நியமனம்.

விசில் வாயில் இருந்தது. திறப்பு நெஞ்சில் கிடந்தது. கோட்டில் ஊன்றியிருந்த ஆரபியின் சின்னக் கைகளைப் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். கறுத்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை நம்பி ஊதலுக்காகக் காத்திருந்தாள். எனக்குத் தாங்க முடியவில்லை. விசிலை எடுத்துவிட்டு அவளுக்கு முன்னால் குந்தினேன்.

"ஆரபி, அண்டைக்கும் நான்தான் போட்டனான். தம்பிஐயா அண்ணை போடேல்லை. அவர் உன்ரை கண்ணைக் கழுவினவர்."

விறாந்தையிலிருந்து அதிபர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடராசா சேர் கதிரையை விட்டு எழுந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரபி ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றக் கையை எடுத்தாள். இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தாள்.

"அப்ப அவர் ஏன் ரீச்சர் வாறேல்லை?"

"நான் பயத்திலை பொய் சொன்னனான். அதாலை அவரை மறிச்சிட்டினம்."

இவ்வளவையும் நடராசா சேர் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த படிவத்தை மடித்தார். பாடம் இன்னும் முடியவில்லை, முடியுங்கோ, பிறகு கதைப்பம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். என்ன கதைப்பார் என்று எனக்குத் தெரியும். எழுந்து என் இடத்துக்குப் போனேன். தயார் என்றேன். விசிலை ஊதினேன்.

பத்துப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஆரபி கோட்டுக்குப் பின்னால் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு குந்தியபடியே இருந்தாள்.